மேசியா தீர்க்கதரிசனங்களும் யூதக் கிறித்தவர்களும்: கொச்சி, மதராஸ், தாம்பரம்

மேசியா தீர்க்கதரிசனங்கள் என்பவை, எபிரேய மறைநூலில் வரவிருக்கும் மீட்பர் ஒருவரைக் குறிப்பதாகக் கருதப்படும் பகுதிகள். கிறித்தவர்கள் இந்த மறைநூலைப் பழைய ஏற்பாடு என்பர். ஏசாயா, தானியேல், மீகா, சகரியா ஆகிய நூல்களிலும் ஆதியாகமம், சங்கீதம் ஆகியவற்றிலும் இப்பகுதிகள் சிதறிக் கிடக்கின்றன. எவை மேசியாவைப் பற்றியவை, எவை அல்ல என்பதில் யூதருக்கும் கிறித்தவருக்கும் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளாக வழக்கு நடக்கிறது. இந்த வழக்கில் இரு தரப்பிலும் கால் வைத்து நின்றவர்கள் யூதக் கிறித்தவர்கள். அதாவது யூதராகப் பிறந்து, எபிரேயத்தைப் பள்ளியில் அல்லாமல் தொழுகையில் கற்று, பின்பு இயேசுவை மேசியா என்று ஏற்றவர்கள். அவர்களது வாதம் தென்னிந்தியாவுக்கும் வந்தது. அந்த வரலாறு இக்கட்டுரையின் பொருள்.

இன்று தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கும் செம்பாக்கத்திலும் அதைச் சுற்றியுள்ள தென்புறநகர்த் தெருக்களிலும் கிறித்தவர் வீட்டு முகப்புகளில் எபிரேயச் சொற்களைக் காணலாம்: எபெனேசர், பெத்தேல், பெனியேல், ஷாலோம், இம்மானுவேல். கடைசிப் பெயர் ஏசாயா ஏழாம் அதிகாரத்தில் பிறக்கவிருந்த ஒரு குழந்தைக்கு இடப்பட்டது. அந்தக் குழந்தை யார் என்பதுதான் மேற்சொன்ன வழக்கின் நடுப்புள்ளி. அந்தப் பெயரைச் சுவரில் பொறித்தவர் இதற்கு ஒரே ஒரு விடையைத்தான் கேட்டிருப்பார். மறு விடை சொல்லும் யூதர் எவரும் அண்டை வீட்டில் இருந்ததில்லை. கொச்சியில் இருந்தார்கள்.

ஒரே சொல், இரு தமிழ்

மேசியா என்னும் சொல்லின் எபிரேய மூலம் மாஷியாக். எண்ணெய் பூசப்பட்டவர் என்பது பொருள். பழங்கால இஸ்ரவேலில் அரசனையும் தலைமை ஆசாரியனையும் எண்ணெய் வார்த்து நியமித்தார்கள். ஆகவே சவுலும் தாவீதும் மாஷியாக் எனப்பட்டனர், ஆசாரியனும் எனப்பட்டான். இச்சொல் எபிரேய மறைநூலில் ஏறத்தாழ 39 இடங்களில் வருகிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை அந்தந்தக் காலத்தில் வாழ்ந்த மனிதரையே சுட்டுகின்றன. வியப்பான இடம் ஏசாயா 45. அங்கே இறைவனின் மாஷியாக் என்று அழைக்கப்படுபவர் யூதரே அல்லாத பாரசீக மன்னர் கோரேசு. கி.மு. 539-ல் பாபிலோனைக் கைப்பற்றி, அங்கே சிறையிருந்த யூதர் ஊர் திரும்ப வழி செய்தவர் அவர்.

தமிழ் விவிலியத்தின் பழைய திருப்புதலில் இந்த இடத்தைப் புரட்டினால் கோரேசு 'அபிஷேகம்' பெற்றவராக இருக்கிறார். தானியேல் ஒன்பதாம் அதிகாரத்தில் அதே எபிரேயச் சொல் வரும்போது தமிழில் 'மேசியா' என்றே நிற்கிறது. மூலத்தை அறியாத வாசகருக்கு இவை இரண்டு வேறு சொற்கள். மொழிபெயர்ப்பாளர் ஏமாற்றினார் என்று இதற்குப் பொருளில்லை. 1611-ம் ஆண்டு ஆங்கில விவிலியமும் இவ்விரு இடங்களில் இதையேதான் செய்தது. ஆனால் விவாதத்துக்குரிய ஒரு முடிவு மொழிபெயர்ப்பிலேயே எடுக்கப்பட்டுவிட்டது என்பதை மறுக்க முடியாது.

ஆதியாகமம் 49-ல் யாக்கோபு தன் மகன் யூதாவை வாழ்த்தும் இடத்தில் 'ஷிலோ' என்று ஒரு புதிர்ச்சொல் வருகிறது. ஊர்ப்பெயரா, ஆட்பெயரா, 'எவனுக்கு உரியதோ அவன்' என்னும் தொடரின் சுருக்கமா என்று அறிஞர்கள் இன்றும் பிரிந்து நிற்கிறார்கள். ஆங்கிலத்தில் அதை அப்படியே விட்டார்கள். தமிழில் 'சமாதான கர்த்தர்' என்று ஆக்கினார்கள். புதிர் மறைந்தது, விடை மட்டும் எஞ்சியது.

தமிழ் விவிலியத்தின் பிறப்பிலேயே யூதர் பற்றிய அக்கறையும் ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு தொடங்கிய பழைய ஏற்பாட்டுப் பணியை பெஞ்சமின் சூல்ச் 1720-களின் இறுதியில் முடித்தார். மதராஸ் வேப்பேரியில் வாழ்ந்த பப்ரிசியுஸ் எபிரேயத்திலிருந்து புதிதாகச் செய்த மொழிபெயர்ப்பு, அவர் 1791-ல் மறைந்த பின்பே முழுதும் அச்சேறியது. இவர்கள் அனைவருக்கும் பின்னணியாக நின்ற ஜெர்மானிய நகரம் ஹாலே. அதே ஹாலேயில் 1728-ல் காலன்பெர்க் என்னும் பேராசிரியர் யூதருக்கு நற்செய்தி சொல்வதற்கென்றே ஒரு நிறுவனத்தையும் அச்சகத்தையும் தொடங்கினார். தமிழருக்கும் யூதருக்கும் ஒரே ஊரிலிருந்து புத்தகம் கிளம்பியது. தமிழருக்கு அது புதிய நூல். யூதருக்கோ தங்கள் சொந்த நூலைப் பிறர் விளக்கிச் சொல்ல வந்த கதை.

வழக்கின் வயது

ஏசாயா ஏழாம் அதிகாரத்தின் சூழல் போர். கி.மு. எட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தமஸ்குவின் அரசனும் வட இஸ்ரவேலின் அரசனும் கூட்டுச் சேர்ந்து எருசலேமை நெருக்கினார்கள். அஞ்சி நடுங்கிய யூதாவின் அரசன் ஆகாசுக்கு ஏசாயா ஓர் அடையாளம் தருகிறார்: ஒரு பெண் மகனைப் பெறுவாள், அவன் நல்லது கெட்டது அறியும் வயது அடைவதற்குள் அந்த இரு அரசர்களின் நாடுகளும் பாழாகும். பெண்ணைக் குறிக்க மூலத்தில் நிற்கும் சொல் 'அல்மா', அதாவது மணப்பருவத்து இளம்பெண். கிறித்தவத்துக்கு முந்தைய காலத்தில் எபிரேயத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூதர்களே அங்கே கன்னி எனப் பொருள்படும் 'பார்தெனோஸ்' என்னும் சொல்லை இட்டார்கள். மத்தேயு நற்செய்தி அந்தக் கிரேக்கத்தையே எடுத்தாள்கிறது.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் யுஸ்தின் என்னும் கிறித்தவ அறிஞர் திரிபோ என்னும் யூதருடன் நடத்தியதாக எழுதிய உரையாடலில் இந்தச் சண்டை அப்படியே இருக்கிறது. சொல்லின் பொருள் இளம்பெண்தான், குழந்தை எசேக்கியா அரசன் என்கிறார் திரிபோ. யூதர்கள் தங்கள் நூலில் சில இடங்களை வெட்டிவிட்டார்கள் என்று யுஸ்தின் குற்றம் சாட்டுகிறார். இந்தக் குற்றச்சாட்டை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கொச்சிக்கு இது திரும்பி வரும்.

தமிழில் இந்தச் சண்டையின் எதிரொலியை இரண்டு விவிலியங்களை அருகருகே வைத்தாலே கேட்கலாம். பழைய திருப்புதலின் ஏசாயாவில் 'கன்னிகை' என்று இருக்கிறது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் சேர்ந்து உருவாக்கி 1995-ல் வெளிவந்த திருவிவிலியத்தின் ஏசாயாவில் 'இளம்பெண்' என்றும், அதே நூலின் மத்தேயுவில் 'கன்னி' என்றும் இருக்கிறது. எபிரேயத்தை எபிரேயமாகவும் கிரேக்கத்தைக் கிரேக்கமாகவும் பெயர்த்ததன் விளைவு இது. என் பார்வையில் இதுவே நேர்மையான வழி. இடைவெளியை மூடாமல் காட்டுகிறது.

ஏசாயா 53 இன்னும் கடினமானது. பிறருக்காக அடிபட்டுச் சாகும் ஓர் ஊழியனைப் பற்றியது அந்த அதிகாரம். கிறித்தவர்களுக்கு அது சிலுவை. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகேன், தான் சந்தித்த யூதர்கள் அந்த ஊழியனை யூத இனம் முழுவதற்குமான உருவகமாகக் கொண்டதாக எழுதுகிறார். பதினோராம் நூற்றாண்டில் ரபி ராஷியும் அவ்வாறே விளக்கினார். ஆனால் ஏசாயாவின் பழைய அரமேய விளக்கமான தர்கூம், அந்த ஊழியனை மேசியா என்றே பெயர் சொல்லி அழைக்கிறது. வேதனைகளை மட்டும் அவர் மீதிருந்து எடுத்துப் பிறர் மீது போடுகிறது. தல்மூதிலும் துன்புறும் மேசியாவைப் பற்றிய பேச்சு உண்டு. தாவீதின் வழிவந்த வெற்றி மேசியாவுக்கு முன்னால் போரில் இறக்கும் யோசேப்பின் வழிவந்த மேசியா ஒருவரும் அங்கே பேசப்படுகிறார்.

யூதக் கிறித்தவர்களின் தனித்த வாதம் இங்கேதான் தொடங்குகிறது. பிற கிறித்தவர்கள் பழைய ஏற்பாட்டு வசனத்தைப் புதிய ஏற்பாட்டோடு பொருத்திக் காட்டி நிறுத்திக்கொண்டார்கள். இவர்களோ தர்கூமையும் மித்ராஷையும் தல்மூதையும் சாட்சிக்கு அழைத்தார்கள். "இது எங்கள் முன்னோரின் வாசிப்பு, பிறகு கைவிடப்பட்டது" என்பது அவர்கள் நிலை. துன்புறும் மேசியா, வெற்றி மேசியா என்று இருவர் தேவையில்லை, ஒருவரே இருமுறை வருகிறார் என்பது அவர்கள் விடை. வியன்னாவில் யூதராகப் பிறந்து ஆங்கிலேய திருச்சபைக் குருவான ஆல்பிரட் எடர்ஷைம் (1825–1889) இந்த முறையின் உச்சம். 1883-ல் வெளிவந்த தமது பெருநூலின் பிற்சேர்க்கையில், பழைய யூத நூல்கள் மேசியாவுக்குப் பொருத்திய 456 மறைநூல் இடங்களை அவர் பட்டியலிட்டார்: ஐந்து ஆகமங்களிலிருந்து 75, தீர்க்கதரிசிகளிலிருந்து 243, பிற நூல்களிலிருந்து 138.

இப்படி வசனங்களைத் தொகுக்கும் வழக்கம் கிறித்தவர் கண்டுபிடித்ததன்று. சாக்கடல் குகைகளில் கிடைத்த கும்ரான் சுவடிகளுள், வரவிருக்கும் தலைவர்களைப் பற்றிய வசனங்களை ஒன்றாக எழுதிவைத்த ஓர் ஏடும் உள்ளது. அது இயேசுவுக்கு முந்தையது. ஆக, தீர்க்கதரிசனத்தைத் தேடித் தொகுத்துத் தம் காலத்தோடு பொருத்துவது யூதருக்குள் நடந்த யூதப் பழக்கமே.

யூதத் தரப்பின் மறுமொழி உறுதியானது. மேசியா வந்தால் போர் ஒழிய வேண்டும், சிதறிய மக்கள் ஒன்றுசேர வேண்டும், ஆலயம் எழ வேண்டும். அவை நடக்கவில்லை. மித்ராஷ் கதைகள் அறவுரை போன்றவை, கட்டுப்படுத்தும் சட்டம் அல்ல. இதை 1263-ல் பார்சிலோனாவில் அரசன் முன்னிலையில் சொன்னவர் ரபி நக்மானிதீஸ். எதிரில் நின்று தல்மூதை எடுத்துக் காட்டியவர் பாப்லோ கிறிஸ்தியானி, மதம் மாறிய யூதர். விவாதத்துக்குச் சில ஆண்டுகளில் நக்மானிதீஸ் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. யூதக் கிறித்தவரின் தீர்க்கதரிசன வாதத்தை யூதர்கள் வெறும் வாதமாக ஏன் கேட்டதில்லை என்பது இதிலிருந்து விளங்கும். வாதத்தின் பின்னால் பெரும்பாலும் ஓர் அரசு நின்றது.

கொச்சி

அந்த அரசு இந்தியாவுக்கும் வந்தது. போர்த்துகலில் கட்டாயமாகத் திருமுழுக்குப் பெற்ற யூதரின் வழிவந்தவர்கள் பலர் கோவாவிலும் கொச்சியிலும் குடியேறியிருந்தனர். 1557-ல் கொச்சியில் அவர்களுள் சிலர் மீது ரகசியமாக யூத நெறி காப்பதாக வழக்கு எழுந்தது. 1560-ல் கோவாவில் சமய விசாரணை மன்றம் நிறுவப்பட்டது. இந்திய மூலிகைகளைப் பற்றிய புகழ்பெற்ற நூலை எழுதிய மருத்துவர் கார்சியா த ஓர்தா அந்த வழிவந்தவரே. அவர் 1568-ல் இறந்தார். 1580-ல் அவரது எலும்புகளைத் தோண்டி எடுத்து எரித்தார்கள். 1662-ல் போர்த்துகீசியர் கொச்சியின் பரதேசி ஜெபாலயத்தையும் தாக்கினர். அடுத்த ஆண்டு டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்த பின்புதான் யூதர்கள் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள்.

டச்சுக் காலக் கொச்சியின் பெரும்புள்ளி எசேக்கியேல் ராகபி (1694–1771). டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதன்மை வணிகர், அரசர்களிடையே தூது சென்றவர், கல்வி நாட்டம் உள்ளவர். அவர் காலத்தில் கொழும்பில் டச்சுக்காரர் நடத்திய இறையியல் கல்லூரியில் எபிரேயம் கற்பித்த ஒருவர் இருந்தார்: லியோபோல்ட் இம்மானுவேல் யாக்கோப் வான் டோர்ட், கிறித்தவரான யூதர். அவர் 1750-களில் கொச்சிக்கு வந்து யூதர்களின் வரலாற்று ஏட்டைப் படியெடுத்தார். திருக்குர்ஆனை டச்சிலிருந்து எபிரேயத்தில் பெயர்த்ததும் அவரே. அதே கொழும்புக் கல்லூரியில்தான், எபிரேயம் கற்று விவிலியத்தைத் தமிழில் பெயர்த்த பிலிப்பு தெ மெல்லோவும் பயின்றிருந்தார். தமிழும் எபிரேயமும் ஒரே கூரையின் கீழ் இருந்த அரிய இடம் அது.

இந்தச் சூழலில் கொச்சியில் புதிய ஏற்பாடு எபிரேயத்தில் பெயர்க்கப்பட்டது. அதை ஆய்வாளர்கள் ராகபியின் பெயரோடும் வான் டோர்ட்டின் பெயரோடும் இணைத்துப் பேசுகின்றனர். ஒரு யூத வணிகரும் ஒரு யூதக் கிறித்தவரும் ஒரே நூலின் அருகே நிற்கிறார்கள். அவர்களது நோக்கம் ஒன்றல்ல. ராகபியின் பெயரில் உள்ள குறிப்பு ஒன்று, வானத்தைச் சாட்சியாக அழைத்து, இதை நம்புவதற்காக அல்ல, புரிந்துகொண்டு மறுமொழி சொல்வதற்காகவே பெயர்த்ததாகத் தெளிவாகச் சொல்கிறது. தங்கள் உண்மையான மேசியா இனிமேல்தான் வருவார் என்ற எதிர்பார்ப்போடு அது முடிகிறது.

1806-ன் இறுதியில் கல்கத்தாவிலிருந்து ஆங்கிலேயக் குரு கிளாடியஸ் புகேனன் கொச்சிக்கு வந்தார். யூதர்களிடமிருந்து எபிரேய ஏடுகளைச் சேகரித்தார், தீர்க்கதரிசனங்களைப் பற்றி அவர்களோடு உரையாடினார். 1811-ல் வெளியிட்ட நூலில், கற்றறிந்த ரபி ஒருவர் புதிய ஏற்பாட்டை மறுப்பதற்காகவே எபிரேயத்தில் பெயர்த்தார் என்றும், மொழிபெயர்ப்பு நடையழகும் நம்பகத்தன்மையும் உடையது என்றும் பாராட்டினார். எந்த வாக்கியத்தையும் திரிக்க அந்த ரபி விரும்பியதாகத் தெரியவில்லை என்றார். அவருடைய மரணத்தில் ஏதோ மர்மம் இருப்பதாகவும், யூதர்கள் அதைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். அந்தச் சிறு மௌனம் போதுமானதாக இருந்தது. இங்கிலாந்தின் மிஷனரி வட்டாரங்களில், மறுக்கப் போனவர் நம்பிவிட்டார் என்னும் கதையாக அது வளர்ந்தது. ஏட்டில் உள்ள குறிப்பும் மேடையில் சொல்லப்பட்ட கதையும் நேர் எதிர்த்திசையில் போகின்றன. ஆவணத்தைத்தான் நான் நம்புவேன்.

புகேனன் கொண்டுபோன இன்னொரு பொருள் சிவப்புச் சாயம் ஏற்றிய தோலில் எழுதிய தோரா சுருள். 37 தோல்களைத் தைத்துச் சேர்த்த அது ஏறத்தாழ 48 அடி நீளம். ஐரோப்பிய ரபிகளின் கைபடாத தொலைதூர யூதரிடம் வேறுபட்ட பழம் பாடம் கிடைக்கலாம் என்ற எதிர்பார்ப்பு அக்கால அறிஞரிடம் இருந்தது. யுஸ்தினின் பழைய குற்றச்சாட்டுக்குச் சோதனைக்களம் கொச்சிதான். தாமஸ் யேட்ஸ் அதை அச்சிட்ட எபிரேய நூலோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு 1812-ல் முடிவை வெளியிட்டார். எழுத்துக்கூட்டலில் சில்லறை வேறுபாடுகள் மட்டுமே, பொருள் மாறவில்லை. நூல் ஒன்றே, வாசிப்பே வேறு என்பதற்கு மலபார் கரையிலிருந்து கிடைத்த சான்று இது. பின்னாளில் கும்ரானில் கிடைத்த ஏசாயா சுருளும், ஆயிரம் ஆண்டு இடைவெளியைத் தாண்டி, பெரும்பாலும் இதையே சொன்னது. விதிவிலக்கான இடங்களும் உண்டு. சங்கீதம் 22-ல் 'சிங்கம் போல' என்று யூத மரபுப் பாடம் வாசிக்கும் இடத்தை, கிறித்தவ மரபு 'குத்தினார்கள்' என்று வாசிக்கிறது. யூதேயப் பாலைவனத்தின் நகால் ஹேவர் குகையில் கிடைத்த துண்டு அங்கே ஒரு வினைச்சொல்லையே காட்டுகிறது. ஆயினும் அந்த வினையின் பொருள் 'குத்தினார்கள்' தானா என்பது இன்னும் தீரவில்லை. ஓர் எழுத்தின் கால் நீண்டதா குறுகியதா என்பதில் தொங்கும் வழக்கு அது.

மதராஸ்

யூதரிடையே கிறித்தவம் பரப்பும் லண்டன் சங்கம் 1809-ல் தொடங்கப்பட்டது. அதை முன்னின்று தொடங்கிய ஜோசப் பிரே ஒரு யூதக் கிறித்தவர், பெர்லினில் யெனிக்கே நடத்திய மிஷன் பள்ளியில் பயின்றவர். அதே பள்ளியில் பயின்ற இன்னொருவரைத் தமிழர் நன்கு அறிவர்: பாளையங்கோட்டை ரேனியஸ்.

இந்தச் சங்கத்துக்கு இந்தியாவில் கிடைத்த முதல் ஊழியர் கொச்சியில் 1795-ல் பிறந்த மைக்கேல் சார்கோன். மதராஸில் வாழ்ந்த ஜாரெட் என்னும் ஆங்கிலேயரின் வழியாக 1818-ல் அவர் கிறித்தவரானார். 1820-ல் சங்கம் அவரைக் கொச்சிக்கே திருப்பி அனுப்பியது. தன் சொந்த மக்களிடம், அவர்களே வாரந்தோறும் வாசிக்கும் வசனங்களை வேறு பொருளில் வாசித்துக் காட்டும் வேலை. அவர் பள்ளி நடத்தினார், நூற்றுக்கு மேற்பட்ட யூதப் பிள்ளைகள் படித்தார்கள். எபிரேயமும் கல்வியும் வேண்டியிருந்த பெற்றோர் பிள்ளைகளை அனுப்பத் தயங்கவில்லை. ஆனால் திரளான மதமாற்றம் நிகழவில்லை. பள்ளியை ஏற்று வாதத்தை மறுத்தார்கள். தமிழ்நாட்டு மிஷன் பள்ளிகளின் வரலாறு தெரிந்தவருக்கு இது புதிதாகத் தோன்றாது.

சார்கோனின் சமவயதினரான ஜோசப் வோல்ப் முற்றிலும் வேறு வகை. பவேரியாவில் ரபியின் மகனாய்ப் பிறந்து, கத்தோலிக்கராகி, பிறகு ஆங்கிலேய திருச்சபைக்கு மாறி, காணாமற்போன இஸ்ரவேலின் பத்துக் கோத்திரங்களைத் தேடி புகாரா வரை போனவர். அந்தப் பயணத்தின் தொடர்ச்சியாக 1833-ல் மதராஸுக்கும் பாளையங்கோட்டைக்கும் கொச்சிக்கும் வந்தார். பாளையங்கோட்டையில் ரேனியஸைச் சந்தித்தார். பெரும்பாலான மிஷனரிகள் இஸ்ரவேலுக்குச் சொல்லப்பட்ட வாக்குறுதிகளைத் திருச்சபைக்குச் சொல்லப்பட்டவையாக எடுத்துக்கொண்டனர். வோல்ப் அதை ஏற்கவில்லை. யூதர் எருசலேம் திரும்புவர் என்ற வாக்கு யூதருக்கே உரியது, அது எழுத்தெழுத்தாக நடக்கும் என்றார். ஞானஸ்நானம் பெற்ற பின்பும் யூதராகவே வாசிப்பது என்றால் என்ன என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் தானியேலின் எண்களைக் கூட்டி 1847-ல் மேசியா திரும்பி வருவார் என்றும் அறிவித்துவிட்டார். ஆண்டு வந்தது, போனது. தன் கணக்குப் பிழையைப் பின்னாளில் தன்னையே கேலி செய்துகொண்டு ஒப்புக்கொண்டார். தேதி குறித்த எல்லோருக்கும் அந்த மனம் வாய்ப்பதில்லை.

யாழ்ப்பாணத்தில் ஓர் ஒப்புமை

மறுப்பதற்காக எதிர்த்தரப்பின் நூலை ஊன்றிக் கற்ற ராகபிக்குத் தமிழில் ஓர் இணை உண்டு. ஆறுமுக நாவலர் (1822–1879) இளமையில் யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணை நின்றார். அந்த மொழிபெயர்ப்பு 1850-ல் வெளிவந்தது. இன்றைய பழைய திருப்புதலுக்கு அடிப்படையான பவர் ஐயரின் 1871 மொழிபெயர்ப்பிலும் அதன் தடம் உண்டு. 1854-ல் நாவலர் வெளியிட்ட சைவதூஷணபரிகாரம், மிஷனரிகளைப் பழைய ஏற்பாட்டைக் கொண்டே மடக்குகிறது. ஆலயம், பலி, தூபம், தீபம், எண்ணெய், ஆசாரியர் என்று உங்கள் கடவுள் கட்டளையிட்டவை அனைத்தும் சைவத்தில் இருக்க, எங்களை ஏன் பழிக்கிறீர்கள் என்பது அவர் கேள்வி.

ஒரு யூத வாசகர் கேட்டிருக்கக்கூடிய கேள்விக்கு மிக அருகில் உள்ளது இது. பழைய ஏற்பாட்டை முன்னறிவிப்புகளின் தொகுதியாக மட்டும் வாசித்தால் அதன் பெரும்பகுதி, சடங்கும் சட்டமும், கண்ணில் படாமலே போய்விடும். நாவலர் அந்தப் பகுதியைத்தான் வாசித்தார்.

தாம்பரம், 1938

சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம் மாறிய மறு ஆண்டு, 1938 டிசம்பர் 12 முதல் 29 வரை, அங்கே அனைத்துலக மிஷனரி மன்றத்தின் மாநாடு நடந்தது. செம்பாக்கத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவுதான். அதையொட்டி மதராஸில் வெளிவந்த ஒரு கட்டுரைத் தொகுப்பில் செஞ்சையா, சக்கரை முதலிய இந்தியக் கிறித்தவச் சிந்தனையாளர்கள் திருச்சபையின் அடிப்படைகளையே மறுவிசாரணை செய்தனர். அவர்களைச் சுற்றி எழுந்த கேள்விகளுள் ஒன்று: இந்துவாகப் பிறந்து கிறித்துவை ஏற்ற ஒருவருக்கு யூத மறைநூல் எதற்கு? அவருடைய முன்னோர் காத்திருந்தது மேசியாவுக்காக அல்லவே.

இக்கேள்வி மதராஸில் எழுந்தபோது அதில் சுதேச உணர்வு இருந்தது, யூத வெறுப்பு இல்லை. அதே ஆண்டுகளில் ஜெர்மனியில் பழைய ஏற்பாட்டை நீக்க வேண்டும் என்று குரல் எழுப்பியவர்களின் நோக்கம் வேறு. 1933 முதல் அங்கே யூத வம்சத்துப் போதகர்களைத் திருச்சபைப் பணியிலிருந்து விலக்கும் முயற்சி நடந்தது. 1935-ம் ஆண்டுச் சட்டங்கள் திருமுழுக்குப் பெற்ற யூதரையும் யூதராகவே கணக்கிட்டன. தாம்பரம் மாநாடு கூடுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பு, நவம்பர் 9 இரவில், ஜெர்மனியெங்கும் ஜெபாலயங்கள் எரிந்தன. கோவாவின் விசாரணை மன்றத்துக்கு யூதக் கிறித்தவர் போதிய கிறித்தவர் அல்லர். ஜெர்மனியின் சட்டத்துக்கும் அல்லர். போருக்குப் பின் நிலைமை திரும்பிப் பார்த்தது. யூதராய்ப் பிறந்து, பல யூதர்களைக் காப்பாற்றி, கத்தோலிக்கத் துறவியான ஆஸ்வால்ட் ரூபைசன் இஸ்ரவேலில் யூதராகக் குடியுரிமை கேட்டபோது, அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1962-ல் மறுத்துவிட்டது. இம்முறை அவர் போதிய யூதர் அல்லர்.

திரும்பிச் செல்லல்

கொச்சி யூதர்கள் மிஷனரிகளோடு வாதிட்ட வசனங்களை விட அதிகமாகத் தாங்கள் நம்பிய தீர்க்கதரிசனம் ஒன்று இருந்தது. சிதறியவர்கள் நாற்றிசையிலிருந்தும் சேர்க்கப்படுவார்கள் என்பது அது. 1948-ல் இஸ்ரவேல் நாடு உருவானதும் அவர்களுள் பலர் அதை அந்த வாக்கின் நிறைவேற்றமாகவே கண்டனர். 1950-களில் வீட்டையும் நிலத்தையும் விற்றுவிட்டு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கப்பலிலும் விமானத்திலும் புறப்பட்டார்கள். நெகேவ் பாலைவனத்தின் நெவாத்திம் குடியிருப்பில் மலையாளம் பேசும் யூதர்கள் பயிர் செய்யத் தொடங்கினார்கள். வோல்ப் சொன்னதும் இதைத்தான், அவர் சொன்ன ஆண்டில் அல்ல, அவர் சொன்ன மேசியாவோடும் அல்ல.

மட்டாஞ்சேரியில் ராகபி 1760-ல் கட்டிய மணிக்கூண்டு இன்றும் பரதேசி ஜெபாலயத்தின் பக்கத்தில் நிற்கிறது. தொழுகைக்கு வேண்டிய பத்து ஆண்கள் அங்கே இப்போது சேர்வதில்லை. அவர் பெயரோடு இணைத்துப் பேசப்படும் எபிரேயப் புதிய ஏற்பாடு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் ஓ.ஓ. 1.32 என்னும் குறியீட்டில் இருக்கிறது.